எழுதியவருக்கு எண்பத்தைந்து சைஸ்

போன செவ்வாய்க்கிழமை லிஃப்டில் மாட்டிக்கொண்டேன்.

லிஃப்ட் நன்றாகத்தான் ஓடியது. உள்ளே மூன்றாம் மாடிப் பெண் இருந்தாள். அதைத்தான் சொன்னேன். அவள் கையில் பள்ளிக்கூடம் கொடுத்த தாள். பையன் ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறான். லீவு முடிவதற்குள் ஒரு புத்தகம் படித்துவிட்டு வரவேண்டுமாம். நாவல் கூடாது, கவிதை கூடாது. வாழ்க்கை வரலாறு, பயணம், அனுபவம்... இப்படி ஏதாவது. 'லிட்டரரி நான்ஃபிக்‌ஷன்' என்று தாளின் தலையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"ஆன்ட்டி, நீங்கதான் எழுதறவங்க. இந்த லிஸ்ட்ல இருக்கிறதிலேயே ஒல்லியான புக் எது?"

எனக்குச் சுருக்கென்றது. புத்தகத்தைத் தடிமன் பார்த்து எடுக்கிற காலமா இது? அவளே தொடர்ந்தாள். கதையே இல்லாத புத்தகத்தைப் பையன் எப்படிப் படிப்பான், போரடிக்காதா என்று கேட்டாள். பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் தரைத்தளம் வந்துவிட்டது. லிஃப்ட் வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதிலும் இல்லை அது.

அதனால் உங்களிடம் சொல்கிறேன். வாரா வாரம் உங்களிடம்தானே எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டிருக்கிறேன்?

எழுபதுகளின் தொடக்கம். திருப்பூர். நான் அப்போதுதான் எட்டாவது பாஸ் செய்திருந்தேன். எங்கள் பள்ளிக்கூடம் எட்டோடு முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமென்றால் ஹைஸ்கூலுக்குப் போகவேண்டும். விண்ணப்பம் கொடுக்கப் போன எங்களை அங்கிருந்த தலைமை ஆசிரியை நிறுத்தி வைத்தார். 'பெரிய டீச்சர்' என்றுதான் ஊரே அவரைச் சொல்லும். ஒரு மர பீரோவைத் திறந்து, ஆளுக்கொரு புத்தகம் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் நடந்ததை நடந்தபடி எழுதிய புத்தகங்கள். லீவில் படிக்கவேண்டும். பள்ளி திறக்கிற அன்று வந்து அவரிடம் அதைப் பற்றிப் பேசவேண்டும். அட்மிஷன் அதற்கப்புறம்தான்.

எனக்கு வந்தது பழுப்பு அட்டை போட்ட புத்தகம். வடக்கே ஒரு பனிமலை உச்சியில், வானிலை ஆபீஸில் இரண்டு குளிர்காலம் வேலை பார்த்த தமிழர் ஒருவர் எழுதியது. காற்று எவ்வளவு, பனி எவ்வளவு என்று தினமும் காலையில் அளந்து எழுதி வைப்பது அவர் வேலை. கூட ஒரு சமையல்காரர். வேறு ஈ காக்கா கிடையாது.

இதைப் படித்துவிட்டால் ஹைஸ்கூல். ஆனால் அம்மா வேறு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள்.

அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டும் வேலை. தைத்து வருகிற பனியனில் ஆங்காங்கே நூல் நுனி தொங்கும். அதைச் சின்னக் கத்தரியால் வெட்டிச் சுத்தம் செய்யவேண்டும். ஜூனிலிருந்து மகளும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள் என்று காண்ட்ராக்டரிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். என்னைக் கேட்டாளா? நானெல்லாம் கேட்கப்படுகிற ஆளே இல்லை. அப்பா அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவரிடம் போய் அழுதேன். "உங்கம்மாகிட்டக் கேளு கண்ணு" என்றார். ஊரில் எந்தத் துணியிலும் கத்தரி வைப்பார், அம்மா பேச்சில் மட்டும் வைக்கமாட்டார்.

இப்போதே பழகட்டும் என்று லீவு விட்ட மறுவாரமே என்னைக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை கத்தரி. வீட்டுக்கு வந்தால் விரல் மடங்காது. இதில் எங்கே படிப்பது? பள்ளி திறக்க ஐந்து வாரம்தான் இருந்தது, நான் முன்னுரையைக்கூடத் தாண்டவில்லை. ஒருநாள் புத்தகத்தைத் தூக்குப்போசிக்கு அடியில் வைத்துச் சோற்றோடு கம்பெனிக்குக் கொண்டுபோய்விட்டேன்.

என்னைக் காப்பாற்றியது பவர் கட்.

அந்த வருஷம் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். போனால் தையல் மெஷின்கள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றுவிடும். டெய்லர்கள் பீடி பிடிக்க வெளியே போய்விடுவார்கள். பிசிர் வெட்டுவதற்குக் கரண்ட் எதற்கு? ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்து நாங்கள் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருப்போம். அப்படியொரு மத்தியானம் நான் கத்தரியை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அம்மா முறைத்தாள். வரிசையிலேயே மூத்தவர் ராமாத்தாக்கா, "சும்மா உனக்குள்ளயே முணுமுணுக்காம சத்தமாத்தான் படியேன் கண்ணு" என்றார்.

படித்தேன். எட்டுப் பெண்கள் வெட்டிக்கொண்டே கேட்டார்கள். ஏதோ சினிமாக் கதை என்றுதான் நினைத்திருக்கிறார்கள். எப்போது கதாநாயகி வருவாள் என்று ஒருத்தி கேட்டாள். கதாநாயகி கிடையாது, இது கதையே இல்லை, இவருக்கு நிஜமாக நடந்தது என்றேன்.

கத்தரிச் சத்தம் நின்றது.

"நெசமாலுமா? அப்ப ஆளு இருக்குதா?"

இருப்பார் என்றேன். அவ்வளவுதான், வரிசையின் போக்கே மாறிவிட்டது. சினிமாவில் ஒருவன் குளிரில் நடுங்கினால் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நிஜ ஆள் நடுங்கினால் சும்மா இருக்க முடியுமா? அந்தத் தம்பி சாப்பிட்டதா, அந்தச் சமையல்காரன் ஒழுங்கானவனா, ஊரில் அதன் அம்மாவுக்கு யார் கடுதாசி படித்துக் காட்டினார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. மறுநாளிலிருந்து எல்லோருக்கும் ஒரே எதிர்பார்ப்பு, கரண்ட் எப்போது போகும் என்று. முதலாளி மின்சார ஆபீஸைத் திட்டிக்கொண்டே வருவார். நாங்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம், கரண்ட் வந்துவிட்டதே என்று.

பாதிப் புத்தகத்தில்தான் அந்த வரி வந்தது. ஒருநாள் காலை பனியில் அளவெடுக்கப் போனவருக்கு, உள்ளே போட்டிருந்த பனியனின் தோள்பட்டைத் தையல் பிரிந்துவிடுகிறது. குளிர் கத்தி மாதிரி இறங்கியது, மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன் என்று எழுதியிருந்தார். அவர் அதை ஏதோ வேடிக்கை போலத்தான் எழுதியிருந்தார். நான்கூடச் சிரித்துக்கொண்டே படித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை.

ராமாத்தாக்காவின் முகம் செத்துவிட்டது. தோள்பட்டைத் தையல் எப்படிப் பிரியும் என்று அந்த வரிசைக்குத் தெரியாதா? நுனி நூலைக் கொஞ்சம் விட்டு வெட்டவேண்டும். அவசரத்தில் ஒட்ட வெட்டினால் தையல் வாய் திறந்துவிடும். பனியன் என்றால் திருப்பூர். திருப்பூர் என்றால் நாங்கள்தான். வேறு எங்கிருந்து போயிருக்கும்? இப்படித்தான் அவர்கள் கணக்கு ஓடியது. எந்த ஊர்ப் பனியனோ என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தி காதிலும் ஏறவில்லை.

"நம்ம கைதான் சாமி. எவளோ ஒருத்தி ஒட்ட நறுக்கிப் போட்டுட்டா. நானாக்கூட இருக்கும்" என்றார் ராமாத்தாக்கா.

அன்று மாலையே முடிவாகிவிட்டது. அந்தத் தம்பிக்கு நல்லதாக ஒரு பனியன் அனுப்பவேண்டும். புத்தகத்தில் அச்சகத்தின் மெட்ராஸ் விலாசம் இருந்தது. அங்கே அனுப்பினால் போய்ச் சேரும். முதலாளியிடம் கேட்டார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு சரி என்றார். துணி கிடைத்தது, தைக்க டெய்லர் தயார். அப்பாதான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அளவு தெரியாம கத்திரி வெக்க மாட்டேனுங்க. ஒண்ணு ஆளைக் கூட்டிட்டு வாங்க. இல்லாட்டி அளவைச் சொல்லுங்க."

பனியன் சைஸ் என்பது நெஞ்சுச் சுற்றளவு. அதைப் புத்தகத்தில் யாராவது எழுதுவார்களா?

இனிதான் வேடிக்கை. என்னை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை கேட்டதே வேறு மாதிரி. பனி கதவை மூடிவிட்ட நாளில், ஒரு கம்பி உடைந்த ஜன்னல் வழியாக அவர் உள்ளே நுழைகிறார். "எண்பதுதான்" என்றாள் ஒருத்தி. சமையல்காரரின் ஸ்வெட்டரைக் கடன் வாங்கிப் போட்டபோது உள்ளே இன்னொரு ஆள் நுழையலாம் போல இருந்தது என்கிறார். அது சமையல்காரன் தடியன் என்பதற்குத்தான் சாட்சி, இவர் ஒல்லி என்பதற்கு இல்லை என்று இன்னொருத்தி மறுத்தாள். ஒரே உட்காரலில் எட்டு ரொட்டி தின்றதாக ஓரிடத்தில் வருகிறது. ரொட்டியை வைத்துத் தொண்ணூறு என்றார் ராமாத்தாக்கா. ஒரு வாரம் இந்த வழக்கு நடந்தது. இருபதாம் பக்கத்தைப் படி, அறுபதாம் பக்கத்தைப் படி என்று என்னை விரட்டினார்கள். எனக்குப் புத்தகம் மனப்பாடமே ஆகிவிட்டது.

தீர்த்து வைத்தது அம்மா. அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் வெட்டிக்கொண்டிருந்தவள். எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாதவள்.

"ஜன்னல்ல பூந்தது மொத வருசம். அப்ப எம்பதுதான், ஒத்துக்கறேன். அப்புறம் ரெண்டு வருசம் மலை ஏறி எறங்கீருக்குதல்ல? கடைசீல ஊருக்கு வந்து பழைய சட்டையப் போட்டா நெஞ்சுல பொத்தான் சேரலைன்னு எழுதியிருக்குது. வயித்துல சேரலைன்னு எழுதுல. நெஞ்சு விரிஞ்சிருக்குது. எம்பத்தஞ்சு."

இப்போது வயசாகித் தொப்பை போட்டிருந்தால் என்று ஒருத்தி கேட்டாள். பனியன் துணி இழுத்தால் வரும் என்று அம்மா முடித்துவிட்டாள். அப்பா மறுபேச்சில்லாமல் எண்பத்தைந்துக்கு வெட்டினார். பிசிர் வெட்டியது ராமாத்தாக்கா. ஒரு பனியனுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

எதற்காக அனுப்புகிறோம் என்று நான் எழுதிய கடுதாசியோடு பார்சல் போன அன்று வீட்டில் அம்மா கேட்டாள்: "அந்த பீரோவுல இந்த மாதிரி நடந்த புஸ்தகம் இன்னும் இருக்குதா?"

பீரோ நிறைய இருக்கிறது என்றேன்.

பள்ளி திறந்த அன்று காலை வேலைக்குப் போகாமல், புடவை மாற்றிக்கொண்டு என்னோடு கிளம்பினாள். எதற்கு வருகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைக் கம்பெனிக்கு இழுத்துக்கொண்டு போகத்தான் என்று நினைத்தேன். வழியெல்லாம் இரண்டடி பின்தங்கியே நடந்தேன்.

பெரிய டீச்சர் அறையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசினார்கள். இரண்டு பேரும் முன்னுரையை ஒப்பித்தார்கள். ஆசிரியர் அஞ்சா நெஞ்சர், பிறருக்கு எடுத்துக்காட்டு, இத்யாதி. டீச்சர் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. இந்தப் புத்தகத்தை எழுதியவரைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அவருக்கு எண்பத்தஞ்சு சைஸ், டீச்சர்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றார். எந்தப் பக்கத்திலும் இல்லை, ஆனால் தெரியும் என்றேன். பிறகு நிறுத்தவே இல்லை. ஜன்னல், ஸ்வெட்டர், எட்டு ரொட்டி, கடைசிப் பக்கத்துச் சட்டைப் பொத்தான் எல்லாவற்றையும் பக்க எண்ணோடு சொன்னேன். அவர் புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். நெஞ்சு என்றுதான் போட்டிருந்தது. இந்தப் புத்தகத்தை நாலு தடவை படித்திருக்கிறேன், இது என் கண்ணில் படவில்லையே என்றார். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டார். வாசலில் நின்ற அம்மாவைக் காட்டினேன்.

அம்மா கும்பிட்டாள். பெரிய டீச்சர் ஏதோ பாராட்டிச் சொல்ல வாயெடுத்தார். அம்மா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

"ஏனுங்க டீச்சர், புள்ளையச் சேத்துக்கிட்டா அடுத்த புஸ்தகம் எப்பங்க குடுப்பீங்க? எங்க வரிசைல எல்லாரும் காத்துட்டு இருக்கறாங்க."

இப்படித்தான் நான் ஹைஸ்கூலில் சேர்ந்தேன். என் அறிவுக்காக அனுப்பினாள் என்று பெருமை அடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். உண்மை அது இல்லை. எட்டுப் பெண்களுக்குப் புத்தகம் எடுத்து வரும் ஆளாகத்தான் அனுப்பினாள். காண்ட்ராக்டரிடம் என்ன சொல்லிச் சமாளித்தாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

புரட்டாசியில் கம்பெனி விலாசத்துக்கு ஓர் இன்லண்டு லெட்டர் வந்தது. பனியன் கச்சிதமாக இருக்கிறது, அளவு எப்படித் தெரிந்தது என்று கேட்டிருந்தார். அடியில் இன்னொன்றும் எழுதியிருந்தார். அந்தப் பழைய பனியனின் தையல் தானாகப் பிரியவில்லையாம். கொடியில் விறைத்துத் தொங்கியதை அவசரத்தில் இவரே பிடுங்கிக் கிழித்திருக்கிறார். புத்தகத்தில் அதை எழுத வெட்கமாக இருந்ததாம்.

படித்து முடித்ததும் ராமாத்தாக்கா அழுதுவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை அப்பவே எழுதித் தொலைச்சிருந்தா என்னவாம்? நாலு மாசமா எனக்குச் சோறு எறங்குல" என்றார். அழுதுகொண்டேதான் சிரித்தார்.

நடந்ததை எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் எழுதிவிடுவதில்லை. படிக்கிறவர்கள் கவனமாக இருந்தால், எழுதாததும் ஒருநாள் வெளியே வந்துவிடும். பையனுக்குப் போரடிக்கும் என்று சொல்கிறாளே மூன்றாம் மாடிப் பெண், இதைவிடவா கதை வேண்டும்?

நேற்று அவளை மறுபடி லிஃப்டில் பார்த்தேன். ஒல்லியோ தடியோ பையன் ஏதோ ஒரு புத்தகம் படிக்கட்டும், முடித்ததும் எழுதினவருக்கு என்ன பனியன் சைஸ் என்று மட்டும் கேளுங்கள் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... இறங்கவேண்டிய மாடி வருவதற்கு முன்பே இறங்கிவிட்டாள்.

அது கிடக்கட்டும். இத்தனை வருஷமாக இந்தப் பத்தியில் நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் உங்களில் எந்த ராமாத்தாக்கா கண்டுபிடித்து வைத்திருக்கிறாரோ — அதுதான் எனக்குக் கவலை!