இரண்டாவது பிஸ்கட்

ஜனங்களுக்கு எது பிடிக்கும் என்று ஆராய்ந்து சொல்வதுதான் பன்னிரண்டு வருடமாக அவள் பிழைப்பு. வாயால் சொல்வதை அவள் சட்டை செய்வதில்லை. வீட்டில் எதைச் சமைத்தாலும் கணவர் பிரமாதம் என்பார். மறுபடி தட்டை நீட்டினால்தான் நம்புவாள்.

புது பிஸ்கட்டைப் பற்றிய அவள் அறிக்கையைப் படித்த கம்பெனி முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"நூறு பேர் சாப்பிட்டதுல தொண்ணூறு பேர் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க. நீங்க என்னடான்னா விக்காதுங்கறீங்க."

"எழுதினாங்க சார். தட்டு நிறைய வச்சிருந்தும் ரெண்டாவது எடுத்தவங்க ஏழே பேர்."

"கூச்சப்பட்டிருப்பாங்க."

"இருக்கலாம்," என்றவள் அவர் முன்னாலிருந்த தட்டைப் பார்த்தாள். கூட்டம் தொடங்கியதிலிருந்து அதில் பாதி கடித்த பிஸ்கட் ஒன்று அப்படியே கிடந்தது.

"உங்களுக்கென்ன சார் கூச்சம்? உங்க பிஸ்கட்தானே."