வெட்டப்படாத கேபிள்

பஞ்சாலைக்குச் சட்டென்று கோபம் வரும். லுக்குட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். உறைந்த ரப்பர்க் கட்டிப்பால் திருடியதாக, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தன் அப்பாவை எல்லார் முன்னாலும் ஏசியதைச் சின்ன வயதில் பார்த்தவள். சிரம்பானில் ஆதப்பனின் கணினிக் கம்பெனியில் டெக்னீஷியன் ஆன பிறகும் அந்தச் சூடு தணியவில்லை.

1998இல் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு அவளை அனுப்பினார்கள். கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டி ஆபீஸில் ஒன்று, எண்ணெய் ஆலையில் ஒன்று. இரண்டையும் இணைத்து ஆதப்பனின் ஆட்கள் கேபிள் இழுத்திருந்தார்கள். தொடர்பு வருவதும் போவதுமாக இருந்தது.

"வாட்ச்மேன் சன்னாசிதாம்மா கேபிள வெட்டிட்டான்," என்றார் தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி அர்ச்சுனன். "எங்கூட சண்டை போட்டவன். வேலைய விட்டு நிப்பாட்டியாச்சு."

"பாத்தவங்க யாரு சார்?"

"பாக்கணுமாலா? வேற யாரு செய்வா?"

பஞ்சாலை பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். இரண்டு ஸ்விட்சிலும் விளக்கு எரிந்தது. ஆனால் அனுப்பிய தகவலில் பாதி போய்ச் சேரவில்லை. கேபிளை வேறு துளையில் செருகிப் பார்த்தாள், அதே கதை. ஆலை ஸ்விட்சைக் கழற்றி ஆபீஸுக்கே கொண்டுவந்து, குட்டைக் கேபிளில் மாட்டினாள். எல்லாம் ஒழுங்காக ஓடியது. அப்படியானால் பழுது கேபிளில்தான். அதன் கூடவே நடந்தாள். எங்கும் வெட்டு இல்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி, கால்வாயைச் சுற்றி, அது போய்க்கொண்டே இருந்தது. நூறு மீட்டர் தாண்டினால் அந்த வகைக் கேபிள் தாங்காது.

ஆபீஸிலிருந்தே ஆதப்பனுக்குப் போன் போட்டாள்.

"தெரியும்லா," என்றார் அவர். "இடி விழுந்துச்சுன்னு சொல்லிட்டு வா."

"ஒருத்தர் வேலை போயிருக்கு, பாஸ்!"

"அது அவங்க விஷயம்."

போனை அறைந்து வைத்தாள். அர்ச்சுனனிடம் திரும்பினாள்.

"வெட்டியிருந்தா இந்த விளக்கே எரியாது சார். கேபிள் நீளம் அதிகம். தப்பு எங்க கம்பெனியோடது. பாக்காமலே ஒரு மனுஷன் தலையில பழியப் போட்டீங்களே!"

"சத்தம் போடாதம்மா. மேனேஜர் உள்ள இருக்காரு."

"அவரு காதுல விழத்தான் போடுறேன்!"

மேனேஜர் வெளியே வந்தார். அவரிடமும் அதே சூட்டோடு சொன்னாள்.

மறுவாரம் நடுவழியில் இருந்த எடைமேடைக் கொட்டகையில் மூன்றாவது ஸ்விட்ச் ஒன்றை வைத்துக் கேபிளை இரண்டாகப் பிரித்தார்கள். தொடர்பு அறுபடாமல் நிலைத்தது. சன்னாசியையும் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் வேலைக்குப் போகுமுன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"வெட்டுனது யாரு? இப்ப சொல்லுங்க கிராணி."

அர்ச்சுனன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். மன்னிப்பு கேட்கவில்லை.

ஆதப்பன் அதன்பின் பஞ்சாலையை வெளிவேலைக்கு அனுப்பாமல் கடையில் பெட்டி அடுக்க விட்டார். அவள் ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு கடைச் சாவியை அவர் மேசையில் விட்டெறிந்துவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.