ஈரத்தில் ஒட்டாத அடைப்பு

பல் ஆஸ்பத்திரியில் எது கழன்று விழுந்தாலும் பழி உதவியாள் தலையில்தான் விழும். என் தலையில் அதை முதலில் போட்டவர் எங்கள் டாக்டர் சுகுமார். பெரிய காஞ்சிபுரத்தில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருஷம் நின்றவன் நான். யாரிடமாவது கைகட்டி வேலை பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லாமலே புரியும்.

பஞ்சு

அழுத்தித் தேய்த்துத் தேய்த்து ஈறு ஓரமாகப் பல்லில் பள்ளம் விழும். சொத்தை இல்லை, வெறும் தேய்மானம். தண்ணீர் பட்டாலே கூசும். டாக்டர் அதில் பல் நிறத்திலேயே ஒரு பசையை வைத்து, நீல வெளிச்சம் காட்டி இறுக வைப்பார். அதுவரை எச்சில் படக் கூடாது. பஞ்சு வைத்துக் காப்பது என் வேலை.

வாலாஜாபாத் அரிசி மில்காரர் ஒருவருக்கு வைக்கும்போது டாக்டர் பாதியில் போன் பேச வெளியே போனார். மில்காரர் எச்சிலைப் பஞ்சோடு சேர்த்துத் துப்பிவிட்டார். டாக்டர் வந்ததும், “ஈரமாயிடுச்சி சார், முதல்லேர்ந்து செய்யணும்” என்றேன். “எனக்குத் தெரியும்” என்று அப்படியே வைத்தார்.

பத்தாம் நாள் அந்த அடைப்பு கழன்று தயிர்சோற்றில் விழுந்தது. மில்காரர் சண்டைக்கு வந்தார். துப்பியவரும் உண்மையைச் சொல்லவில்லை. டாக்டர் என்னைக் காட்டினார்: “இவர்தாங்க பஞ்சை ஒழுங்கா வைக்கல. ஏழுமலை, இனிமே நீங்க வாசல்ல டோக்கன் குடுங்க.”

வெயில்

சாயப் பட்டறைக்காரர் ஒருவர் பல் அடைத்துக்கொண்டு, கைக்கண்ணாடியோடு நேரே தெருவுக்கு வந்தார். பட்டின் நிறத்தை வெயிலில் பார்த்தே பழகியவர். டாக்டரோ டியூப் லைட்டில் நிறம் பார்த்திருந்தார்; வெயிலில் பல் ஒரு நிறம், அடைப்பு ஒரு நிறம். நான் உள்ளே இருந்திருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பேன். என்னை யார் கேட்டது? பட்டறைக்காரர் திரும்ப உள்ளே போய்ப் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது: “கரை ஒரு கலரு, உடல் ஒரு கலருன்னா புடவைக்கு அழகு. பல்லுல எதுக்கு டாக்டர் நான் கரை கட்டிக்கினு திரியணும்?”

பல்பொடி

சின்ன காஞ்சிபுரத்துப் பெரியவர் ஒருவர், கோயிலில் பாசுரம் சொல்பவர். நாலு பல் அடைத்தும் பள்ளம் அடுத்த பல்லுக்குப் போய்விட்டது. “சாமி, பல்பொடிய விட்டுட்டு மெதுவா தேய்ங்க” என்று காதோரம் சொன்னேன். அவர் என் கையிலிருந்த டோக்கனைப் பார்த்தார்: “இதைக் குடுக்கற வேலையை மட்டும் பாருப்பா. பெருமாள் முன்னாடி சேவிக்கற வாய் இது, மெதுவா தேய்ச்சா சுத்தமாகுமோ?”

என் முறை

கடைசியில் எனக்கே பள்ளம் விழுந்தது. டாக்டர்தான் அடைத்தார். என் கன்னத்துக்குள் பஞ்சை அடக்கிக்கொண்டே, “அசையாதீங்க. கொஞ்சம் ஈரம் பட்டாலும் நிக்காது, மறுபடி முதல்லேர்ந்து செய்யணும்” என்றார். அன்று நான் சொன்ன அதே பேச்சு. எனக்கோ வாய் நிறையப் பஞ்சு.

பஞ்சை எடுத்ததும் கேட்டேன்: “அப்ப மில்காரர் விஷயத்துல தப்பு யாருது சார்?” அவர் கையுறையைக் கழற்றிப் போட்டார். “வாயைக் கொப்புளிச்சிட்டுப் போயி அடுத்த ஆளை அனுப்புங்க.”

என் பல் அடைப்பு எட்டு மாதமாகக் கெட்டியாக நிற்கிறது, நான் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன், மில்காரர் முன்னால் டாக்டர் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை மட்டும் இன்னும் பாக்கி.