செம்பியின் பின்னால் ஒரு மண்வெட்டியுடன்

குதிரை வளர்ப்பில் பாதி வேலை சாணி அள்ளுவது. மீதிப் பாதி, அடுத்த சாணிக்குக் காத்திருப்பது. சம்பளமில்லாத வேலையொன்றை வலியப் போய்த் தலையில் போட்டுக்கொண்டு, முதுகைப் பிடித்தபடி வீடு திரும்பும் என் இனத்தவரே, இது உங்களுக்காக. ஓட்டமாவடியில் எனக்குச் சாரன் கடை, இடுப்பில் கட்டும் லுங்கிதான் வியாபாரம். சனிக்கிழமைகளில் மட்டும் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு, கல்குடாவில் மெர்சி அக்காவின் குதிரைப் பண்ணைக்குப் போய்விடுவேன். கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரரை ஏற்றிச் செல்ல அங்கே நான்கைந்து குதிரைகள் நிற்கின்றன.

மேலேயிருந்து பார்த்தால்

என் மகள் ஹம்னாவுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே கால்கள் வழங்காது, சக்கர நாற்காலிதான். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் கடற்கரையில் குதிரையைக் கண்டு, ஏறியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மெர்சி அக்கா செம்பி என்ற செந்நிறப் பெட்டைக் குதிரையைக் கொண்டுவந்தார். மற்றக் குதிரைகள் ஈ மொய்த்தாலே துள்ளும். செம்பியோ, நாங்கள் இருவர் பிள்ளையைத் தூக்கி வைத்து, கால்களைச் சரிசெய்து முடிக்கும்வரை அசையாமல் நின்றது.

நான் பயத்தில் அவளுடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். எல்லாரையும் அண்ணாந்து பார்த்தே பழகிய பிள்ளை, அன்றுதான் முதல்முறையாகக் குனிந்து என்னைப் பார்த்தாள். "வாப்பா, நீங்க சரியான கட்டை" என்றாள்.

நல்ல சாரன்

மெர்சி அக்கா காசு வாங்க மறுத்துவிட்டார். ஒவ்வொரு சனியும் பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னார். சும்மா வாங்கிப் பழக்கமில்லாத வியாபாரி நான். ஏதாவது வேலையாவது தாருங்கள் என்றேன். இப்படிக் கேட்கும் ஒருவரைத்தான் அவர் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தார் போலும், யோசிக்காமல் மண்வெட்டியை நீட்டினார்.

அடுத்த சனி, கடையில் இருந்ததிலேயே நல்ல சாரனாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். குனிந்து அள்ளும்போது செம்பி பின்னால் வந்து சாரன் நுனியைக் கவ்வி, ருசி பார்த்து, மெதுவாக இழுக்கத் தொடங்கியது. எனக்கு ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் மானம். மெர்சி அக்கா உதவிக்கு வரவில்லை. வேலியில் சாய்ந்து நின்று விசாரித்தார்: "ஏன் தம்பி, உங்கட கடையில காற்சட்டை விக்கிறல்லையா?"

புறப்பாடு

ஹம்னா எதைத் தொடங்கினாலும் இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்லித்தான் தொடங்குவாள். குதிரையில் ஏறியதும் சத்தமாகச் சொல்வாள், செம்பி நடக்கும். ஒருநாள் ஆறடி வெள்ளைக்காரர் ஒருவர் செம்பியில் ஏறினார். தட்டினார், கெஞ்சினார், நாக்கால் சத்தமெழுப்பினார். அது தூண்போல நின்றது. மெர்சி அக்காவுக்கே காரணம் விளங்கவில்லை. நாற்காலியிலிருந்து வேடிக்கை பார்த்த என் மகள்தான் இரக்கப்பட்டுச் சொன்னாள்: "வாப்பா, அவரைப் பிஸ்மி சொல்லச் சொல்லுங்க."

விருந்து

பண்ணைக்கு அடுத்த வளவில் நாகம்மாக்கா மாடு வளர்க்கிறார். அந்த முறை பட்டிப் பொங்கல் சனிக்கிழமையில் வந்தது. மாடுகளைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, பொங்கல் ஊட்டியவருக்கு, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற செம்பியை விட்டுவிட மனம் வரவில்லை. அதற்கும் ஒரு மாலை, அதற்கும் ஓர் இலை பொங்கல். எங்கள் பக்கத்து உபசரிப்பு ஓர் இலையோடு நிற்குமா? விருந்தாளிக்கும் போதுமென்று சொல்லத் தெரியாது. பானையே காலியாகிவிட்டது.

மாட்டுக்குச் செரிப்பது குதிரைக்குச் செரிக்காது. நானும் ஹம்னாவும் போய் இறங்கும்போது செம்பி வியர்த்து வழிய, காலால் மண்ணைப் பறித்துக்கொண்டு, தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நின்றது. வாழைச்சேனையிலிருந்து வந்த மிருக வைத்தியர் ஊசி போட்டார். மூக்கால் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாதாம், தின்றது பின்வழியால்தான் போகவேண்டுமாம். உருள விடாமல் மெல்ல நடத்தச் சொன்னவர், "சாணி போட்டா தப்பும். போடாட்டி என்னால ஒண்டும் செய்ய ஏலாது" என்றார்.

காத்திருப்பு

ஆள் மாறி ஆள் கயிறு பிடித்தோம். கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த மீனவர்களும் எழுந்து வந்து முறை எடுத்தார்கள். நாகம்மாக்கா அழுதபடி பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தார். நான் தெரிந்த துஆவையெல்லாம் ஓதினேன். தன்னைச் சுமந்துகொண்டு பொறுமையாக நிற்க இந்தக் கரையில் வேறு குதிரை இல்லை என்பது ஹம்னாவுக்குத் தெரியும். செம்பி கால் மடித்துப் படுக்கப் பார்த்தபோது அந்த வாயாடிப் பிள்ளை மெல்லப் பிஸ்மி சொன்னாள். அது தள்ளாடி ஓரடி எடுத்து வைத்தது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குச் சற்று முன் செம்பி நின்றது. வாலைத் தூக்கியது. நாங்கள் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு அதன் பின்பக்கத்தையே பார்த்தோம். பொத்துப் பொத்தென்று விழுந்தது. மெர்சி அக்கா மணலில் உட்கார்ந்துவிட்டார். ஹம்னா கைதட்டிச் சிரித்தாள். முன்பின் தெரியாத மீனவர் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவ்வளவு மனம் நிறைந்து நான் இறைவனுக்கு நன்றி சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். நாகம்மாக்கா கையைப் பிடித்துத் தடுத்தார். "இப்ப அள்ளாதீங்க தம்பி. கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு இருப்பம்."

இன்றும் சனிக்கிழமைதோறும் மகள் செம்பியின் முதுகிலிருந்து கடலைப் பார்க்கிறாள். வாப்பாவுக்கு வாய்த்தது அதன் பின்பக்கம்தான் என்றாலும், அதற்கும் அல்ஹம்துலில்லாஹ்.