அண்ணிக்கு ஒரு பன்

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் இடுப்பளவு சொல்லும் தையல் மாஸ்டருக்குத் தன் இடுப்பு பெருத்தது தெரியாமல் போனது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அப்படித்தான் நடந்தது. மற்றவர்கள் கடையில் பேன்ட் வாங்குகிறார்கள். வயிறு வளர்ந்தால் பொத்தான் மாட்ட மாட்டேன் என்று அடம்பிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். மாஸ்டர் தன் பேன்ட்டைத் தானே தைத்துக்கொள்கிறவர். பின்பக்கத் தையலுக்குள் கொஞ்சம் துணியை மடித்து விட்டுவைப்பார். பிடிப்பதுபோல் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தையலைப் பிரித்து, தளர்த்தி, மறுபடி ஓட்டிவிடுவார். பேன்ட் பழையபடி கச்சிதமாக உட்காரும். வயிறு தன் பாட்டுக்கு வளர்ந்தது, பேன்ட் அதற்கு விட்டுக்கொடுத்தது, மாஸ்டர் நிம்மதியாக இருந்தார்.

ஒரு ஞாயிறு தையலைப் பிரித்தபோது தளர்த்திவிட உள்ளே துணியே இல்லை. இருந்ததையெல்லாம் விட்டாகிவிட்டது. அன்றைக்குத்தான் அவர் கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பார்த்தார்.

"அட, இது யாரோட வயிறு?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

அவர் வேலை பார்த்தது ஒரு பெரிய துணிக்கடையின் மேல்மாடியில். கீழே ஜனங்கள் ஆயத்த உடை வாங்குவார்கள்; நீளம் குறைக்க, இடுப்பு பிடிக்க என்று அவை மேலே வரும். ஜன்னல் இல்லாத அறை, ஒரு தையல் மிஷின், ஒரு இஸ்திரி மேஜை, மாஸ்டர். துணிகள் கூடையில் வந்து கூடையில் போகும். மனுஷக் குரல் என்றால் மாடிப்படிக்குக் கீழிருந்து கேஷியர் பெண் போடும் சத்தம்தான். "மாஸ்டர், அந்த நீலச் சட்டை ஆச்சா?"

மனைவி இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. சொந்தக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், பஸ் நேரம் பார்த்துக் கிளம்பினார்கள். கடையில் கொஞ்ச நாள் அவரிடம் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். பிறகு அந்தத் தாழ்ந்த குரலும் நின்றுபோனது.

அந்தச் சமயத்தில்தான் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பேக்கரி வந்தது. வீட்டுக்குப் போகக் கால் வராத ஒரு சாயங்காலம் மாஸ்டர் அதற்குள் நுழைந்து, வாய்ப் பழக்கத்தில், "ரெண்டு க்ரீம் பன்" என்றார். எப்போதும் எதை வாங்கினாலும் இரண்டாக வாங்கியவர் அல்லவா? ஒன்றை அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து தின்றார். மற்றதைப் பார்த்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

பேக்கரிக்காரர் அவரைவிட இளையவர், கலகலப்பான ஆள். "அண்ணே, இது வீட்டுக்கா? அண்ணிக்கா?" என்று கேட்டார்.

மாஸ்டர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

மறுநாளிலிருந்து பேக்கரிக்காரர் கேட்காமலே கட்டிக் கொடுத்தார். "அண்ணிக்குப் பிடிச்சுதா?" "பிடிச்சுதாம்." "அண்ணிக்கு முட்டிவலி எப்படி இருக்கு?" "பரவாயில்ல, மழை வந்தாதான் படுத்துது." உலகத்தில் வேறு ஒரு ஜீவனும் அவளைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. அந்தப் பேக்கரியில் மட்டும் அவளுக்கு ஜலதோஷம் பிடித்தது, சரியானது. டிவியை நிறுத்தச் சொல்லி அவரோடு சண்டை போட்டாள். க்ரீம் கொஞ்சம் திகட்டுகிறது என்று குறைகூடச் சொன்னாள். பேக்கரிக்காரர் மறுநாளே சர்க்கரையைக் குறைத்தார்!

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் பொட்டலத்தைப் பிரிப்பார். அவளுக்கென்று வாங்கியதைக் குப்பையில் போட மனசு வராது. டிவியைப் போட்டுவிட்டு அவரே தின்றுவிடுவார். நாலு வருஷமாக இடுப்பில் ஏறியது பாதிக்குமேல் அவள் பங்குதான்.

துணி தீர்ந்துபோன மறுநாள் அவர் டாக்டரிடம் போனார். மாடி ஏறினால் மூச்சு வாங்குவது அவருக்கும் தெரியும்; மாடியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா கறார்ப் பேர்வழி.

"வயித்தைச் சுத்தி சேர்ற கொழுப்புதான் ஆபத்து. அதுக்காகப் பட்டினி கிடக்காதீங்க. ஒரு மாசம் கடுமையா இருந்துட்டு அப்புறம் பழைய குருடி கதவத் திறடின்னு ஆகக் கூடாது. கடைசி வரைக்கும் உங்களால எது முடியுமோ அதை மட்டும் மாத்துங்க. சாயங்காலம் என்ன சாப்பிடுறீங்க?"

"பன்."

"எத்தனை?"

ஒன்று எனக்கு, ஒன்று வீட்டுக்கு என்பது நாக்கு நுனி வரை வந்தது. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு பொய் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. "ரெண்டு" என்றார்.

டாக்டரம்மா பட்டினி வேண்டாம் என்று சொன்னதாலேயே அவர் முதல் காரியமாகப் பட்டினி கிடந்தார். மிஷின் முன்னால் தலை சுற்றி, ஊசி விரலை உரசிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் ஆள் வழிக்கு வந்தார். காலையில் விளையாட்டு மைதானத்தைச் சுற்றி நடந்தார். முதலில் தள்ளாடி, பிறகு வியர்க்க வியர்க்க. மிஷினில் பாபின் நூல் தீரும்போதெல்லாம் எழுந்து மாடிப்படி இறங்கி ஏறினார். என்னமோ காணாமல் போய்விட்டது, மாஸ்டர் தேடுகிறார் என்று கேஷியர் பெண் நினைத்துக்கொண்டாள். தட்டில் பாதிக்குக் காய்கறி வைத்தார். இருட்டுவதற்குள் சாப்பிட்டார். எவ்வளவு உள்ளே போகிறது என்று கவனமாக இருக்க டிவியை நிறுத்தினார்.

அதுதான் கஷ்டமாக இருந்தது. பசியைக்கூடச் சமாளித்துவிட்டார். ஆள் இல்லாத வீட்டில் ஒருவர் உட்கார்ந்து வெள்ளரிக்காய் கடிக்கும் சத்தம் இவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை.

பேக்கரிப் பக்கம் அவர் போகவில்லை. பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பன்னுக்குப் பயந்து என்று நினைத்தால் தப்பு. பன்னை அவர் விட்டுவிடுவார். ஆனால் "அண்ணிக்கு?" என்று அந்த மனுஷன் கேட்பாரே, அதற்கு என்ன சொல்வது? அவளுக்கும் வேண்டாமாம் என்று ஒரு நாள் சொல்லலாம். தினமும் சொன்னால், ஏன், உடம்புக்கு என்ன என்று துருவுவார். துருவினால் உண்மை வந்துவிடும். அவள் பிழைத்திருந்த ஒரே இடமும் போய்விடும். இன்னொரு தடவை அவளைச் சாகவிட அவருக்குத் தெம்பில்லை. அதனால் கோழை மாதிரி சந்துக்குள் புகுந்து புகுந்து போனார்.

மாதங்கள் போயின. இடுப்பு மெல்ல இறங்கியது. இறங்க இறங்க ஞாயிற்றுக்கிழமைகளில் தையலைப் பிரித்து, துணியை உள்ளே மடித்து ஓட்டினார். இங்கேயும் தொழில் புத்திதான் காலை வாரியது. பேன்ட் எப்போதும்போல் கச்சிதமாக இருந்ததால் அவர் இளைத்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை. ரோஷம் வந்து ஒரு வாரம் இடுப்பைப் பிடித்துத் தைக்காமலே, பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கேஷியர் பெண் மேலும் கீழும் பார்த்தாள். மாஸ்டர் முகம் மலரக் காத்திருந்தார்.

"என்ன மாஸ்டர், நீங்களே தையல்காரர், உங்க பேன்ட் இப்படித் தொளதொளன்னு இருக்கு? வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?"

டாக்டரம்மா மட்டும், "நல்லா குறைஞ்சிருக்கு, இதையே விடாம பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அன்று மாலை மாஸ்டருக்கு அழுகையாக வந்தது. இத்தனை பாடுபட்டு ஒரு உடம்பைத் திருத்தியிருக்கிறார். அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல இந்த ஊரில் ஒருத்தருக்கு அவர் பழைய உடம்பு நினைவிருக்க வேண்டுமே! நினைவிருக்கக்கூடிய ஒரே ஆள் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தார். கேட்டால் கேட்கட்டும் என்று மாஸ்டர் பெரிய தெரு வழியாகவே நடந்தார்.

பேக்கரிக்காரர் அவரைக் கண்டதும் கையிலிருந்த ட்ரேயை அப்படியே வைத்தார்.

"அண்ணே! எங்க போயிட்டீங்க? உங்க வீடு எங்கன்னுகூட எனக்குத் தெரியாது, யார்கிட்ட போய்க் கேக்குறது? என்னண்ணே, பாதியா ஆயிட்டீங்க? உடம்புக்கு ஏதாவது வந்துச்சா?"

"அதெல்லாம் இல்ல. நடக்கிறேன். சாப்பாட்டைச் சரி பண்ணிக்கிட்டேன்."

"அப்படிப் போடுங்க! நல்லாத்தான் இருக்கீங்க, வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு. எல்லாம் அண்ணியோட கண்டிப்புதானே?" அவர் சிரித்துக்கொண்டே ஒரு க்ரீம் பன்னை எடுத்துக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தார். "நீங்க சாப்பிடாதீங்க, சரி. அண்ணி என்ன பாவம் பண்ணாங்க? காசு வேண்டாம், நான் குடுத்தேன்னு குடுங்க."

வாங்கிக்கொண்டு போய்விடலாம். அவள் இன்னும் கொஞ்ச காலம் இருப்பாள். மாஸ்டர் கையைக்கூட நீட்டிவிட்டார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"அவ இல்லீங்க."

"வெளியூர் போயிருக்காங்களா?"

"இல்ல. நீங்க கடை வைக்கிறதுக்கு முன்னாலயே போயிட்டா."

பேக்கரிக்காரருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பொட்டலத்தைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார்.

"அப்ப... இத்தனை நாளா இதை யாருண்ணே சாப்பிட்டது?"

"நான்தான்" என்றார் மாஸ்டர்.

யாரோ பிரெட் கேட்டு வந்தார்கள். பேக்கரிக்காரர் கொடுத்து அனுப்பினார். பிறகு பன்னைக் காகிதத்திலிருந்து பிரித்துத் திரும்பக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இந்தப் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்கண்ணே. அண்ணி எப்படி இருப்பாங்க, சொல்லுங்க."

ஒன்றும் வாங்காமல் எப்படி உட்காருவது என்று தெரியாமல், மாஸ்டர் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார்.