நெட்டையன் செத்த விதம்

கட்சி அலுவலகத்தின் பின்னறையில் நாற்பது வருஷமாகக் குடியிருந்தவரை எல்லோரும் நாற்காலித் தோழர் என்றார்கள். கூட்டம் எங்கே நடந்தாலும் நாற்காலி போடுவதும் மடக்குவதும் அவர் வேலை. சுவரொட்டிக்குப் பசை காய்ச்சுவார். ஊர்வலத்தில் கடைசி ஆளாக நடப்பார். கல்யாணத்துக்கு நேரமில்லை என்று ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் யாரும் கேட்கவில்லை. முதல் இரண்டு வருஷம் அந்த அறையில் நெட்டையனும் இருந்தான். மில் வேலைநிறுத்தத்தை நடத்தியவன். இருவருக்கும் ஒரே பாய்.

இப்போது அலுவலகத்துக்கு வருகிறவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். சில நாள் பொழுது சாயும்வரை அவர் வாய் திறக்க வேண்டிய அவசியமே வராது.

அப்படிப்பட்ட நாளில்தான் சினிமாக் கதாசிரியர் வந்தார். அந்த வேலைநிறுத்தத்தைப் படமாக எடுக்கப் போகிறார்களாம். தோழர் மறுநாளிலிருந்து தினமும் சவரம் செய்துகொண்டு ஒன்பது மணிக்கே வாசலைப் பார்க்க ஆரம்பித்தார். ஞாபகத்தில் இருந்ததையெல்லாம் சொன்னார். கொடி மழையில் சாயம் போய் எல்லோர் சட்டையும் ரோஜா நிறமானது, நெட்டையனுக்கு மேடையேறினால் விக்கல் வரும் என்பது, பத்தொன்பதாம் நாள் தோற்று வேலைக்குத் திரும்பியது. கதாசிரியரின் பேனா அசையவில்லை. துப்பாக்கி ஏதாவது வைத்திருந்தீர்களா என்று கேட்டார்.

"சைக்கிள் பம்பு ஒண்ணு இருந்துச்சு. அதுவும் இரவல்."

கதாசிரியர் சிரித்தார். ஆனால் அடுத்த மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் விடைபெற வந்தார். அவர் பையைத் தோளில் மாட்டியபோது தோழர் மடக்கப்போன நாற்காலியை மறுபடி விரித்துப் போட்டார்.

"நெட்டையன் எப்படிச் செத்தான்னு நான் இன்னும் சொல்லலியே" என்றார்.

கதாசிரியர் உட்கார்ந்துவிட்டார். குன்று, சுற்றி வளைத்த போலீஸ், மார்பில் மூன்று குண்டு, கையைவிட்டு விழாத கொடி. சொல்லச் சொல்லக் கதை தானாக வந்தது. கதாசிரியரின் கண் கலங்கியது. அதன்பிறகு ஒன்பது நாள் வந்தார்.

நெட்டையன் செத்தது மஞ்சள் காமாலையில். வேலைநிறுத்தம் தோற்ற இரண்டாம் மாதம், பெரிய ஆஸ்பத்திரியின் பொது வார்டில்.

படம் வந்ததும் தோழர் தனியாகப் போய்ப் பகல் காட்சி பார்த்தார். திரையில் நெட்டையன் சிங்கம் மாதிரி கர்ஜித்தான். தலைமுடி பறக்க, மெதுமெதுவாகக் கொடியின்மேல் சாய்ந்தான். அரங்கம் விசிலில் அதிர்ந்தது. அவ்வளவு பெரிய கூட்டங்கள் காட்டினார்கள். நாற்காலி போடுகிறவன் ஒருவனும் இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு பெண்மணி அலுவலகத்துக்கு வந்தாள். நெட்டையனின் தங்கை. அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. அண்ணன் காய்ச்சலில் போய்விட்டான் என்றுதான் அன்றைக்குக் கடிதம் வந்ததாம். ஊருக்கு உழைக்கிறேன் என்று போனவன் ஒன்றுமில்லாமல் செத்தானே என்று அம்மா கடைசிவரை புலம்பினாளாம்.

"அவன் விழுந்தப்போ நீங்க பக்கத்துல இருந்தீங்களாண்ணா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"பக்கத்துலதான் இருந்தேம்மா. ஆஸ்பத்திரியில. குண்டு, குன்று எல்லாம் நான் கட்டி விட்டது."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பேச ஆளில்லாமல் செய்தேன் என்பதை எப்படிச் சொல்லியிருப்பாரோ.

"படம் பார்த்த அன்னிலேர்ந்து நான் நல்லாத் தூங்கினேன். அதை அப்படியே விட்டிருக்கலாம்ண்ணா" என்று எழுந்தாள். அவர் பஸ் நிறுத்தம்வரை கூடப் போனார். அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டாள்.

ஒரு வாரம் உட்கார்ந்து அவளுக்குக் கடிதம் எழுதினார். விக்கல், சாயம், கடைசி நாளில் நெட்டையன் மூக்குக்கண்ணாடியைத் தேடியது, தங்கைக்கு எழுதாதே, பயந்துவிடுவாள் என்று தடுத்தது, எல்லாவற்றையும்.

இரண்டு மாதம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. ஒரே வரி. அண்ணன் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னல் இருந்ததா என்று கேட்டிருந்தாள்.

தோழர் நாலு நாள் யோசித்தார். கட்டிலின் துரு நினைவு வந்தது, போர்வையின் கிழிசல் வந்தது, ஜன்னல் வரவில்லை. இருந்தது என்று எழுத ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஞாபகம் இல்லையம்மா என்று எழுதிப் போட்டார்.

அதற்குப் பதில் வரவில்லை.