இரண்டு வருடம் எழுதிய கொப்பி

உயர்தரப் பரீட்சையில் நான் முதல் தடவை கோட்டை விட்ட அன்று வீட்டில் யாரும் என்னை ஏசவில்லை. அதுதான் பெரிய எரிச்சல். அம்மா தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார். ஏசியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். உயிரியல் பிரிவு, மூன்று பாடமும் பாஸ்தான், ஆனால் அந்தப் புள்ளியோடு கம்பஸ் வாசலை எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

இரண்டு வருடம் நீர்வேலியிலிருந்து சைக்கிள் மிதித்து ரியூசனுக்குப் போனவள் நான். மழையோ காய்ச்சலோ, ஒரு வகுப்பு விட்டதில்லை. வகுப்பில் ரஃப் கொப்பியில் எழுதுவேன். வீட்டுக்கு வந்ததும் அவ்வளவையும் நல்ல கொப்பியில் திருப்பி எழுதுவேன். தலைப்புக்குப் பச்சை, வரைவிலக்கணத்துக்குச் சிவப்பு, மற்றதெல்லாம் நீலம். எங்கள் பக்கத்துப் பெட்டைகள் எல்லாரும் செய்கிற வேலைதான், ஆனால் என் கொப்பிகளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. வீட்டுக்கு வருகிற சனத்துக்கு அம்மா கலியாண அல்பம் காட்டுகிற மாதிரி அவற்றை எடுத்துக் காட்டுவார்.

உரும்பிராயில் இருக்கிற மாமியின் மகள், என் மச்சாள், வலைப்பந்து விளையாடித் திரிந்தவள். ரியூசனுக்கு வந்த நாளைவிட வராத நாள்தான் கூட. பரீட்சைக்கு ஐந்து மாதம் இருக்கும்போதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. ஓடிவந்து என் கொப்பிகளை வாங்கிப் போட்டோக்கொப்பி எடுத்தாள். பிறகு சாவகச்சேரியில் தன் பெரியம்மா வீட்டில் அடைந்து கிடந்து பழைய வினாத்தாள்களைச் செய்து தள்ளினாள். அவளுக்குக் கம்பஸ் கிடைத்துவிட்டது.

“எடியே, எல்லாம் உன்ரை கொப்பியாலைதான்!” என்று போனில் அழுதாள். உண்மையான சந்தோசத்தில்தான் அழுதாள். எனக்கென்றால் அவளுடைய கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது.

அண்ணை சும்மா இருப்பாரா? “கொப்பிக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது. எழுதின ஆளுக்குத்தான் கிடைக்கேல்லை” என்றார். அம்மா அகப்பையோடு வந்து அவரைத் துரத்தினார்.

அடுத்த பரீட்சைக்கு நாலு மாதமும் சொச்சமும் இருந்தது. மொத்தம் மூன்று தரம்தான் எடுக்கலாம், ஒன்று போய்விட்டது. இந்த வருடமே ரிவிஷன் வகுப்புக்குப் போய் எழுதுவதா, இல்லை இதை விட்டுவிட்டுப் புதுப் பிள்ளைகளோடு முதல் அலகிலிருந்து தொடங்குவதா?

“அவசரப்பட்டு இன்னொருக்கால் விழாதை. ஆறுதலா முதலிலையிருந்து படி” என்றார் அம்மா.

எனக்கும் அதுதான் விருப்பம். ஏனென்று அப்போது யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டு வருடத்துக்கு ஒருவரும் என்னிடம் பெறுபேறு கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். பெரிய படிப்பு நினைப்பொன்றும் இல்லை. புதுக் கொப்பிகளும் மூன்று நிறப் பேனைகளும் வாங்கிக்கொண்டு, என்னைவிட இரண்டு வயது குறைந்த பிள்ளைகளுக்கு நடுவில் போய் இருந்தேன்.

முதல் நாள். மாஸ்டர் தலைப்பைச் சொல்லி முடிக்கும் முன்பே நான் பச்சைக் கோடு இழுத்துவிட்டேன். அடுத்து என்ன வரும் என்பது கைக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவர் எழுப்பி ஒரு சின்னக் கேள்வி கேட்டபோது வாயில் ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்த பிறகு பக்கத்துப் பிள்ளை மெதுவாக, “அக்கா, உங்கடை எழுத்து நல்ல வடிவு. கொப்பியை ஒருக்கால் இரவல் தருவீங்களோ?” என்றாள்.

ஐயோ, மச்சாளும் இதைத்தானே கேட்டாள்! வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே உரும்பிராய்க்குச் சைக்கிளை விட்டேன். என் கொப்பியை வைத்து அவள் அப்படி என்னதான் செய்தாள் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

மச்சாள் போட்டோக்கொப்பிக் கட்டைத் தூக்கித் தந்தாள். ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். “விளங்கேல்லை.” “திருப்பிச் செய்.” ஒரு சமன்பாட்டுக்குப் பக்கத்தில், “இது சமன்படேல்லை, ஒட்சிசன் ஒண்டு குறையுது.” நான் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து கீறிய இதயத்தின் படத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டம்: “வலமும் இடமும் மாறிக் கிடக்கு.”

“பிழையள் இருந்ததெண்டு ஏன்டி எனக்குச் சொல்லேல்லை?”

“எழுதின உனக்குத் தெரியாமலிருக்குமே எண்டு நினைச்சன்” என்றாள் அவள், பாவம்.

எனக்குத் தெரியாது. எழுதிய பிறகு ஒருநாளும் அதைத் திருப்பிப் படித்ததில்லை.

அன்று பின்னேரம் அம்மாவைக் குசினியில் பிடித்தேன். “அம்மா, நான் அந்த ரெண்டு வருசமும் படிக்கேல்லை. எழுதினனான்.”

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அடுப்பைத் தணித்துவிட்டு என்னையே பார்த்தார். “அப்ப இந்த வருசமே சோதினை எடுக்கப்போறியோ? நாலு மாசம் போதுமோ?”

“தெரியாது. ஆனா உந்தப் புது வகுப்பிலை இருந்தனெண்டால் இன்னும் ரெண்டு வருசம் வடிவா எழுதிக்கொண்டுதான் இருப்பன்.”

அந்த நாலு மாதமும் ஒரு வரி வடிவாக எழுதவில்லை. கொப்பியை மூடி வைத்துவிட்டு வினாத்தாள் செய்தேன். முதல் தாளில் ஐம்பதுக்குப் பதினேழு. அழுதேன். அடுத்த நாள் இன்னொரு தாள். எங்கே எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

இரண்டாம் தரம் எழுதிக் கம்பஸுக்கு எடுபட்டுவிட்டேன். மருத்துவம் இல்லை, விவசாய பீடம். வெட்டுப்புள்ளிக்குச் சற்று மேலே, மயிரிழையில். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “என்ரை பிள்ளை நாலே மாசத்திலை எடுத்தவள் எண்டு சொல்லப்போறன்” என்றார்.

“முந்தின ரெண்டு வருசத்தையும் சேர்த்துச் சொல்லுங்கோம்மா. இல்லாட்டி ஆரோ ஒரு பிள்ளை நாலு மாசம் போதுமெண்டு நம்பிப் படிக்காமல் இருந்திடும்.”

“விசரே உனக்கு? உன்ரை மானமெல்லோ போகும்?”

“போகட்டும்” என்றேன்.